எஸ்தரைத் தாண்டிப் போன கை

என் அன்பு மாப்ளே சாமுவேலு, சபையாருக்குப் பாஸ்டர் ஐயா,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னமே சொன்னேன். நீ பாஸ்டர் ஆவாய் என்று உன்னைத் தொட்டிலில் பார்த்த அன்றே உன் அம்மாவிடம் சொன்ன தாய்மாமன் நான். மூன்று வயதில் நீ காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று பிரசங்கம் பண்ணினாய். எஸ்டேட் ஆட்கள் அத்தனை பேரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதார்கள். சரி, இரண்டு பேர் அழுதார்கள். நீ போனால் சபை சிதறும் என்றும் சொன்னேன். சிதறிவிட்டது. நான் சொன்னது பலித்து எனக்குச் சந்தோஷம் வராதது இந்த ஒருமுறைதான்.

நீ ஆண்டவரிடம் போன முதல் வருஷ நினைவுக்குச் சபையில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். மூப்பர் என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் நான். அந்த வகுப்பை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த மலையில் கிடையாது. எழுதுகிறேன்.

நமக்கு இன்னும் புது பாஸ்டர் வரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு சேலத்திலிருந்து ஒருவர் முதல் பஸ்ஸில் வருகிறார். நல்ல மனுஷன். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிய தலை அவருக்கு நிற்பதற்குள் திரும்பும் பஸ் வந்துவிடுகிறது. மற்ற ஞாயிறுகளில் நான்தான் பேசுகிறேன். போன மாதம், மீன் விழுங்கிய யோனாவைப் பற்றிப் பேசினேன். மீன் வயிற்றுக்குள் அவர் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சியது வரைக்கும் சொன்னேன். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். கொட்டச்சேடு பொன்னம்மா மட்டும் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"ஏனுங்க மூப்பரே, மீனு கதை நொம்ப நல்லா இருந்துச்சுங்க. எங்கூட்டுக்காரரு ரெண்டு மாசமாப் படுத்துக் கெடக்கறாரு. அவரைப் பாக்க எப்பங்க வருவீங்க?"

அவர் படுத்திருப்பதே எனக்குத் தெரியாது மாப்ளே. இதெல்லாம் உனக்கு மட்டும் எப்படித் தெரிந்துவிடும்? பாட்டுப் பாடும்போதே வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டுவாய். யார் வரவில்லையோ, திங்கட்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் உன் வண்டி நிற்கும். "வராத ஆளைத் தேடறதுக்கு நீயென்ன பாஸ்டரா, எஸ்டேட் மேஸ்திரியா?" என்று நான் கேலி பண்ணுவேன். நீ சிரிப்பாய். "ஆளு எங்கேன்னு மேஸ்திரிகிட்டத் தொரை கேப்பாருங்க மாமா. எங்கிட்டயும் ஒருத்தர் கேப்பாருங்க."

நீ தேடிப் போகாதது ஒரே ஒரு வீடு. கிளியூர் எஸ்தர் வீடு.

அவள் புருஷன் செத்தபோது அவனுடைய அண்ணன் தம்பிகள் மலைக்குக் கீழே இருந்து வந்து, தங்கள் இந்து முறைப்படி காரியம் செய்தார்கள். எஸ்தர் தடுக்கவில்லை, கூட நின்றாள். மூப்பர் கூட்டத்தில் அதைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டவன் நான். அவளுக்குத் திருவிருந்து அப்பம் கொடுத்தால் சபைக்கு என்ன மரியாதை என்று கேட்டேன். அவளை ஒதுக்க முடியாது என்றாய் நீ. மூன்று வாரம் உன் தலையைத் தின்றேன்.

நீ இணங்கிய அந்த ஞாயிறு அவள் முழங்காலில் நின்று கையை ஏந்தியிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு அப்பம் கொடுத்தாய். அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கொடுத்தாய். உன் கை அவளைத் தாண்டிப் போன பிறகும் அவள் கை ஏந்தியபடியே இருந்தது. பிறகு எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு உனக்குச் சோறு இறங்கவில்லை. வியாதி வந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"மாமா, நான் பண்ணுனது தப்புங்க. ஆண்டவரோட பந்தியிலிருந்து ஒரு ஆத்துமாவை எந்திரிச்சுப் போக வெச்சுட்டேன். இனி என்னால மலையேற முடியாது. நீங்க போயி, நான் மன்னிப்புக் கேட்டேன்னு எஸ்தரக்காகிட்டச் சொல்லுங்க. வேற எதையும் சேத்துச் சொல்லாதீங்க."

மறுநாள் நான் வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எஸ்தர் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள் என்றேன். செய்தியைக் கேட்டதும் முறம் கை நழுவி மிளகெல்லாம் உருண்டது என்றேன். "எம்மனசுல ஒண்ணுமில்லீங்க, பாஸ்டரு பொழச்சு வந்து எனக்கு அப்பங் குடுக்கட்டும்" என்று அவள் தேம்பியதை, அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். நீ கண்ணை மூடினாய். "போதுங்க மாமா" என்றாய். இரண்டாம் நாள் போய்விட்டாய்.

போன வியாழக்கிழமை எஸ்தர் என் வீட்டுக்கு வந்தாள். காப்பிப் பழம் பறித்த கறை கையில் அப்படியே இருந்தது.

"வா கண்ணு, உக்காரு."

"உக்கார வரலீங்க. ஒண்ணு கேக்கோணும். பாஸ்டரு சாகறப்ப நீங்கதான கூட இருந்தீங்க? என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

யோனாவுக்கு அடுப்பு மூட்டிய நான், அவள் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"ஒன்றரை வருசமாச்சுங்க. முட்டி போட்டாப் போதும், அந்தக் கை தாண்டிப் போறதுதான் தெரியுது. ஜெபமே வர மாட்டேங்குது. அவரு தாண்டிப் போனா ஆண்டவரும் தாண்டிப் போயிட்டாருன்னுதானுங்களே அர்த்தம்?"

"எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணுனாரு கண்ணு" என்றேன்.

"எல்லாருக்காகவுமா?" முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பச் சரிங்க." இறங்கிப் போய்விட்டாள்.

மாப்ளே, ஆண்டவர் உன்னிடம் எஸ்தர் எங்கே என்று கேட்டாரா? மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்றா சொன்னாய்?

நான் கிளியூருக்குப் போகவே இல்லை. உன்னை அந்தத் தப்புக்குத் தள்ளியது யார் என்று அவள் கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தேன். ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, வடை தின்றுகொண்டே, அவள் அழுத அழுகையை யோசித்து எடுத்தேன். உன்னை நிம்மதியாக வழியனுப்பியதாக ஒரு வருஷம் எனக்குள்ளே பெருமைப்பட்டேன். இந்த வாரம்தான் ஒன்று உறைத்தது: அது மிளகு காயும் மாதமே இல்லை, கொடியில் பச்சையாகக் கிடந்தது. மலையில் பிறந்த உனக்கு அது தெரியாதா? தெரிந்துகொண்டேதான் கண்ணை மூடினாயா?

நாளைக்குக் காலையில் போகிறேன். இந்தக் காகிதம் அச்சுக்குப் போகும் முன்னே அவள் என் வாயால் கேட்க வேண்டும். நீ மன்னிப்புக் கேட்டாய், உன்னைத் தள்ளியவன் நான், நீ அனுப்பியும் நான் வரவில்லை. இந்த மூன்றும்தான் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினால் சாத்தினாள் என்றே உன் கல்லறையில் வந்து சொல்வேன்.

உன்னிடம் பொய் சொன்ன தாய்மாமன்,
ஞானமுத்து