சுக்கான் திரும்பாத மாலை

ஸ்டோன்சாட் கப்பல்,
ஃப்ரீடவுன் துறைமுகம்,
1847 அக்டோபர்

என் அருமை மகள் தாம்சினுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்த ஆஸ்திரேலியச் சுரங்க ஊரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். இந்த ஆப்பிரிக்கக் கரையில் அதற்குப் பெயர்தான் சுகம். காய்ச்சல் ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டு, இந்தக் கிழட்டு எலும்பு எதற்கு என்று விட்டுவிட்டுப் போய்விட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, ஊசி பிடித்த கை பேனாவுக்குப் பணிய மாட்டேன் என்கிறது. உன் கடைசிக் கடிதத்தில், தம்பியும் அப்பாவும் ஒரே கப்பலில் இருப்பதால் உனக்குக் கவலையே இல்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து இந்தக் கடிதத்தை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். உட்கார்ந்துகொள் அம்மா. உன் தம்பி ஜோரி போய்விட்டான்.

எங்கள் கப்பல் எவ்வளவு சிறியது என்று உனக்குத் தெரியாது. இரண்டு பாய்மரம், பத்துப் பீரங்கி, கீழ்த்தளத்தில் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒருவன் இருமினால் எல்லோரும் விழிப்போம். கடல் கொஞ்சம் கோபித்தாலும் மேல்தளத்துத் தண்ணீர் படுக்கை வரைக்கும் வந்துவிடும், உப்புக்கண்டமும் புழு நெளியும் ரொட்டியும் சேர்ந்தே நனையும். இதற்குள் நாற்பது ஐம்பது பேர் ஒருவன் மூச்சை ஒருவன் வாங்கி விட்டுக்கொண்டு, அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல்களைப் பிடித்து அவர்களை விடுவிக்க மாதக்கணக்கில் இந்தக் கரையோரம் மேலும் கீழுமாக அலைகிறோம். வெயிலில் பாய் இற்றுப்போகும், மழையில் பூஞ்சை பூக்கும், நான் தைத்துக்கொண்டே இருப்பேன். பாய் தைக்காத நேரத்தில் செத்தவர்களைத் துணியில் வைத்துத் தைப்பேன். அதுவும் பாய்த் தையல்காரன் வேலைதான். ஜோரி பாய்மரத்தின் உச்சியில் வேலை செய்பவன். நான் தைத்துக் கொடுப்பேன், அவன் மேலே கொண்டுபோய்க் கட்டுவான். “ஏப்பா, உன் தையல் எல்லாம் கோணலா இருக்கு, அம்மா பார்த்தா சிரிப்பா” என்று மேலே இருந்தே கத்துவான். கீழே இருக்கிறவன் எல்லாம் சிரிப்பான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு பிரேசில் அடிமைக் கப்பல் கண்ணில் பட்டது. எங்களைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தது. காலையிலிருந்து துரத்தினோம். எங்கள் கேப்டன் ஹார்கோட், வாயில் வார்த்தையே வராத மனிதர், இருக்கிற பாயை எல்லாம் விரிக்கச் சொன்னார். குறுக்குமரங்களின் நுனியில் கட்டைகளை நீட்டி அதிலும் பாய் கட்டினோம். சாயங்காலம் நெருங்கியபோது பீரங்கி எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டோம். அப்போது நீட்டிய கட்டை ஒன்று படாரென்று முறிந்தது. அதன்மேல் இருந்தவன் ஜோரி. ஆள் கடலில் விழுந்துட்டான் என்று கூச்சல் எழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தான் தாம்சின். நீந்தினான், கையைத் தூக்கிக் காட்டினான். பிடித்துக்கொண்டு மிதக்கட்டும் என்று யாரோ கோழிக்கூண்டைத் தூக்கி அவன் பக்கம் வீசினார்கள். துணை அதிகாரி பென்டார்விஸ் படகை இறக்கக் கயிற்றைப் பிடித்துவிட்டார். கேப்டன், “கையை எடுங்க. படகு வேண்டாம். சுக்கானைத் திருப்பாதே” என்றார். நின்றால் இருட்டிவிடும், அந்தக் கப்பல் தப்பிவிடும், அதுதான் விஷயம். நான் அவர் முன்னால் போய் விழுந்து, “ஐயா, அது என் பையன் ஐயா” என்றேன். “தெரியும் நான்கிவெல்” என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. முன்னால் இருந்த கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக்கூண்டு ஒரு புள்ளியாகும் வரைக்கும் நான் பார்த்தேன். அந்தக் கப்பலைப் பிடித்த பிறகு திரும்பிப் போய், விளக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு விடியும்வரை தேடினோம். கூண்டு மட்டும் கிடைத்தது.

மறுநாள், பிடிபட்ட கப்பலின் பாய் கிழிந்திருக்கிறது, போய்த் தை என்று என்னை அனுப்பினார்கள். கீழ்த்தளத்து மூடியைத் திறந்து பார்த்தேன். உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் பார்த்ததை எழுத மாட்டேன். அடிமைகளை அடுக்கியிருந்தார்கள், ஆடு மாடுகளைக்கூட அப்படி அடுக்க மாட்டோம். இவர்களால்தானே என் பிள்ளை போனான் என்று வெறுக்கத்தான் நினைத்தேன். வெறுக்க வரவில்லை. ஃப்ரீடவுன் வரும் வழியில் தினமும் சிலர் செத்தார்கள். வெறும் உடம்பாகக் கடலில் போட்டார்கள். ஒருநாள் ஒரு வாலிபன் செத்தான், ஜோரி உயரம். அவன் பக்கத்தில் இருந்த பெண், அக்காளோ பெண்டாட்டியோ, அவன் காலை விடவே இல்லை. நான் ஜோரியின் தொங்குபடுக்கைத் துணியைக் கொண்டுவந்து அவனை அதில் வைத்துத் தைத்தேன். எங்கள் ஆள் ஒருவன், “இவனுக்கெல்லாம் எதுக்குய்யா அரசாங்கத் துணி?” என்றான். “அரசாங்கத்துக்கு நான் ஒரு மகனைக் கொடுத்திருக்கேன்டா, அது எனக்கு ஒரு முழம் துணி குடுக்கட்டும்” என்றேன். அந்தப் பெண் தன் பாஷையில் என்னவோ சொன்னாள். நான் நம் பாஷையில் வேதப் புத்தகத்துச் சங்கீதம் ஒன்றைச் சொன்னேன். உன் தம்பிக்குப் போட வேண்டிய தையலை யாருக்கோ போட்டேன் அம்மா. நன்றாகத்தான் போட்டேன்.

இங்கே வந்ததும் கேப்டனுக்குப் பதவி உயர்வு, பெரிய கப்பல். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் ஒயின் ஊற்றி வைத்தார். “என்கூட வந்துடு நான்கிவெல், உன்னை மாதிரி கை எனக்குக் கிடைக்காது” என்றார். பிறகு, “அன்னிக்கு நான் செஞ்சது சரின்னு உனக்கே தெரியும். அத்தனை உயிர் கரை ஏறிச்சு” என்றார். “சரிதான் ஐயா. தப்பா இருந்திருந்தா உங்களைச் சபிச்சுட்டு நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன். சரியா இருக்கறதுதான் என்னால தாங்க முடியல” என்று சொல்லிவிட்டு, ஒயினைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். அவர் தன் புதுக் கப்பலுக்குப் போய்விட்டார். நான் இந்த நனைந்த பெட்டியிலேயே கிடக்கிறேன். ஊரில் யாராவது என்னிடம், உன் மகன் நல்ல காரியத்துக்காகப் போனான் என்று சொல்ல வந்தால் அவன் உதிர்ந்த பல்லை எண்ண வேண்டியிருக்கும். நீயும் அப்படி எழுதிவிடாதே.

மாப்பிள்ளையைச் சுரங்கத்தில் ஈரத் துணியோடு நிற்க விடாதே, அவர் இருமலை அலட்சியம் செய்யாதே. பெரியவனைக் கடல் பக்கம் அனுப்பாதே. மண்ணுக்கு அடியிலாவது தேடினால் ஆள் கிடைப்பான். உங்கள் எல்லோரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்திருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கேப்டன் எழுதுகிறேன் என்றார், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அடுத்த வருஷம் ஊர் திரும்பும்போது, அவள் மத்தி மீனுக்கு உப்புப் போடும் இடத்தில் நாலு பேர் முன்னால் இல்லாமல், வீட்டில் வைத்து நானே சொல்கிறேன். அதுவரைக்கும் நீ அவளுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் தம்பி எப்படி இருக்கிறான் என்று வழக்கம்போல் விசாரித்து எழுது. விசாரிக்காமல் விட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படிக்கு
உன் அப்பா,
டிகரி நான்கிவெல்