அட்டை இருந்தா காட்டுங்க

புளிக்காரி,

இன்று காலை பதினொரு மணிக்கு என் கடைக் கண்ணாடி மேசைமேல், ஒரு பெண்ணின் உள்ளங்கைக்கு அடியிலிருந்து, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது. அப்போதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாத விஷயம். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், உனக்குத் தெரியாததா? அதனால்தான் உன்னிடம் வந்தேன். நீ இனி யாரிடமும் போய் உளற மாட்டாய்.

இரு, அவசரப்படாதே. அந்த மாசி மாதத்திலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குத் திருப்தி.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் மெடிக்கல் போட்டு அப்போது இரண்டு வருடம். பார்மசி படித்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, உள்ளே வருகிறவர் கண்ணில் குத்துகிற மாதிரி மாட்டியிருந்தேன். நீ புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் புளி மூட்டையோடு வந்து இறங்கி, நேராக என் கடை நிழலில் மூட்டையைச் சாய்த்தாய். நான் கத்தினேன். நீ தலைச்சும்மாட்டை உதறிக்கொண்டே, "இன்னா மாத்திரைக்காரி, நெழலு கூட உன் வூட்டுதா?" என்றாய். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர், உனக்குப் புளிக்காரி. அடுத்தடுத்த வருடங்களில் நீ வராத சந்தை நாள் எனக்கு ஒரு நாளாகவே தோன்றாது.

அந்த முதல் மாசியிலேயே புளி ஓடு உடைக்கிற தூசி உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுக்கடுக்காகத் தும்மல், கண்ணெல்லாம் நீர், கழுத்தில் தடிப்பு. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தும்மலுக்கு எல்லோருக்கும் கொடுக்கிற சின்ன மஞ்சள் மாத்திரையை ஒரு அட்டை எடுத்துக் கொடுத்து, தூக்கம் வரும், ஜீப்பில் ஓரத்தில் உட்காராதே என்று அறிவுரை வேறு சொன்னேன். நாலாம் நாள் இன்னொரு அட்டை வாங்க வந்தவள், என் கடைப் படியில் விழுந்தாய். கை கால் வெட்டி இழுத்தது. கூட்டம் கூடிவிட்டது. இரும்பு, இரும்பு என்று யாரோ சத்தம் போட்டார்கள். சான்றிதழ் மாட்டியிருந்த நான் ஓடி வந்து, ஷட்டர் சாவிக்கொத்தை உன் கையில் திணித்தேன்!

திணித்த பிறகுதான் படித்தது ஞாபகம் வந்தது. சாவியைப் பிடுங்கிவிட்டு, காலிச் சாக்கை மடித்து உன் தலைக்கு வைத்து, உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் எதையும் வைக்கக்கூடாது என்று கூட்டத்தை விரட்டினேன். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. நீ கண் விழித்ததும் தண்ணீர் கேட்கவில்லை, எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. "யாரு பாத்தாங்க?" என்றாய்.

பிறகுதான் தெரிந்தது, நீ பத்து வருடமாக வலிப்புக்கு மாத்திரை போடுகிறவள். மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் வாங்கி, சாமை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைப்பாய். உன் வீட்டுக்காரருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. மூன்று வருடமாக ஒரு முறைகூட வரவில்லை என்ற தைரியத்தில் இருந்திருக்கிறாய். அந்த மூன்று வருடத்தை என் ஒரு அட்டை மாத்திரை கலைத்துவிட்டதோ என்று பயந்தேன். மறுநாளே உன்னை இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். தூக்கம் வரவைக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் மூளை வரைக்கும் போகும். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு அது வலிப்பைத் தூண்டிவிடலாம். உனக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, புளி வேலையில் சரியாகத் தூங்காததும் சேர்ந்திருக்கலாம். தூக்கம் அதிகம் வராத புது வகைகள் பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால் அதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தும்மலுக்குப் பயந்து வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே என்று உன் கையைப் பிடித்துச் சொன்னார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் உன்னைத் திட்டினேன். முதலிலேயே சொல்வதற்கு என்ன கேடு? நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "படிச்சவ நீயே சாவியத்தான் குட்த்தே. படிக்காத என் மாமியா இன்னா குடுப்பா?" என்றாய்.

நான் சும்மா இருப்பேனா? மறுவாரமே ஒரு போர்டு எழுதி மாட்டினேன். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருந்து வாங்கும் முன் தெரிவிக்கவும் என்று, சிவப்பு எழுத்தில், பஸ்ஸில் போகிறவனும் படிக்கிற அளவில். புளிக் காலம் முடிந்து பலாக் காலம் வந்தது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட வாய் திறக்கவில்லை. நீ அந்தப் போர்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாய்.

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல நின்னுகினு எவ சொல்வா? நான் சொன்னனா? வாயக் கேக்காத மாத்திரைக்காரி, அட்டையக் கேளு. தெனம் போடற மாத்திரை அட்டை இருந்தா காட்டுங்கனு எல்லாரையும் கேளு. சக்கரைக்காரன் காட்டுவான், பிரஷர்காரி காட்டுவா. அந்தக் கும்பலோட கும்பலா நாங்களும் காட்டிட்டுப் போய்டுவோம்."

சொல்லிவிட்டு ஸ்டூல் மேல் ஏறி அந்தப் போர்டைக் கழற்றினாய். கடைசியில் அது உன் வீட்டுப் புளிப் பானைக்கு மூடியானது.

போன ஐப்பசியில் டெங்குக் காய்ச்சலில் நீ போனாய். ஆறு நாள்தான். வலிப்பில்தான் போய்விட்டாள் என்று சந்தையில் பேசினார்கள். ஒவ்வொருவரிடமும் போய், அன்று படியில் விழுந்த பிறகு அவளுக்கு நாலு வருடமாக வலிப்பே வரவில்லை என்று சண்டை போட்டேன். இரண்டு பேர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. போகட்டும்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். வந்தது கல்யாணப் பெண். கையில் நிச்சயதார்த்த மோதிரம், பக்கத்தில் வருங்கால மாமியார். நாலு நாளில் முகூர்த்தம். ஜவுளி மூட்டையைப் பிரித்துப் பிரித்துத் தும்மல் பிடித்துக்கொண்டதாம், தாலி கட்டும்போது தும்மிக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும், நல்லா தூங்குகிற மாதிரி அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை கொடுங்கள் என்று அந்த அம்மாளே கேட்டார். அட்டையைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம், அட்டை இருந்தா காட்டுங்க என்று உன் கேள்வியைக் கேட்டேன். எல்லாரிடமும் கேட்பதுதான் என்று சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் பெருமையாகச் சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று பர்ஸிலிருந்து எடுத்துப் பரப்பினார். மாமியார் காட்டிய பிறகு பெண்ணும் பையைத் திறந்தாள். உள்ளங்கைக்கு அடியில் அட்டை நகர்ந்து வந்தது. திருப்பிப் படித்தேன். உன் மாத்திரை. அதே பெயர், அதே வீரியம்!

மஞ்சள் மாத்திரை டிராயருக்குள் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, நம்பு. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னேன். சிக்னல் இல்லை என்று அவள் போனோடு வெளியே போய், டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். டாக்டர் சொன்ன வேறு மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் என் விரலை ஒரு கணம் அழுத்தினாள். மணமேடையில், ஆயிரம் பேர் நடுவில், அவள் விழுந்து, கண் விழித்து, உன்னை மாதிரி "யாரு பாத்தாங்க?" என்று கேட்டிருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

அவர்கள் படி இறங்கிப் போனார்கள். ஐந்து நிமிடம் கழித்து அந்த அம்மாள் மட்டும் திரும்பி வந்தார். குடை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மேசைமேல் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"அது இன்னா மாத்திரைனு எனக்குத் தெரியும்மா. பொண்ணு அவங்கிட்ட சொன்ன அன்னிக்கே எம் புள்ள எங்கிட்ட சொல்ட்டான். எனக்குத் தெரியும்னு அதுக்குத்தான் தெரியாது, பயந்துகினு கீது. இப்ப குட்த்தது அதுக்கு ஒண்ணும் பண்ணாதுதான?"

டாக்டரைக் கேட்டுத்தான் கொடுத்திருக்கிறேன் என்றேன். பயப்பட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். கல்யாணம் வரைக்கும் எதற்கு, இப்பவே பஸ்ஸில் சொல்கிறேன் என்று போனார்.

ஷட்டர் சாவிக்கொத்து இதோ மேசைமேல் கிடக்கிறது. இனி அது ஷட்டருக்கு மட்டும்தான். உன் அட்டைக் கேள்வியை நாளைக்கும் கேட்பேன், கடை இருக்கிற வரைக்கும் கேட்பேன். நீ அன்று படியில் கிடந்து கேட்டாயே, யார் பார்த்தார்கள் என்று. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், புளிக்காரி. மாமியார் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, கொடுத்தது சரியான மாத்திரைதானா என்று கேட்கத் திரும்பி வந்தாள்.