புகை மேலே போனால்

நவ. 8, சனி

காலையிலிருந்து மழை, கை விறைக்கும் குளிர். ரிவியைச் சுவரில் கொழுவுவதற்காக என் கணவர் குமரன் முன் ஹோலில் துளை போட்டார். டிரில் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. பின்னால் வெறும் பொந்து. பலகையை வெட்டிப் பார்த்தால் ஃபயர்பிளேஸ், விறகு எரித்துக் குளிர்காய்கிற அடுப்பு. செங்கல், இரும்புத் தட்டு, சுற்றிவர ஓடுகள். எந்தப் புண்ணியவானோ ஓட்டுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ற் அடித்து மூடியிருக்கிறான்.

நான் துள்ளிய துள்ளலில் குமரனே பயந்துவிட்டார். "இதைத் திரும்ப மூடிப்போட்டு ரிவியைக் கொழுவுவம்."

விடுவேனா. கடைசியில் ஒப்பந்தம்: புகை மேலே போனால் அடுப்பு. வீட்டுக்குள் வந்தால் ரிவி.

நவ. 9, ஞாயிறு

முதல் பனி. நாள் முழுக்கப் பெயின்ற் உரிப்பு. கையுறை, முகமூடி, பழைய பல்துலக்கி. முதல் ஓட்டில் பச்சை தெரிந்தது. வாழைக்குருத்துப் பச்சை. எவ்வளவு வடிவு. சோறு தண்ணி மறந்து அதன் முன்னாலேயே இருந்தேன்.

மார்க்கம் நகரிலிருந்து மச்சாள், குமரனின் அக்கா, போன். "எங்கட வீட்டு ஃபயர்பிளேஸ் சுவிச்சைத் தட்டினா எரியும். நீர் ஏன் கரி பூசிக்கொண்டு நிக்கிறீர்?"

பொறாமை. வேறென்ன.

நவ. 12, புதன்

புகைபோக்கி துப்புரவாக்க ஆள் வந்து போனார். பறவைக்கூடு, கரி எல்லாம் எடுத்தாயிற்று. மற்றப்படி நல்லதாம். உள்ளே புதிதாகப் பூசிய பூச்சு காயும்வரை விறகு வேண்டாம், கொஞ்சம் புகை விட்டுப் பார்க்கலாம் என்றார். புகைக்கா நம்மிடம் பஞ்சம்? பின்னேரம் தூபக்காலில் சாம்பிராணி போட்டு உள்ளே வைத்தேன்.

அவ்வளவும் ஹோலுக்குள். அலாரம் கத்துகிறது. குமரன் கதவைத் திறந்துவிட்டு, "நான் சொன்னனான்தானே." சனிக்கிழமை ரிவி கொழுவுவாராம். அழுகையே வந்துவிட்டது. குசினியில் மீன் பொரியலும் கருகிப்போச்சு.

நவ. 13, வியாழன்

வேலைக்குப் போகக் குளிர் ஜாக்கெட்டை எடுத்தேன். மீன் மணம் துளியும் இல்லை. ஃபானின் புண்ணியம் என்று நினைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஃபான். ஜாக்கெட்டில் கறி மணம் ஏறக்கூடாதென்று சமைக்கிற நேரமெல்லாம் குசினியில் முழு வேகத்தில் ஓடுகிற ஃபான். நேற்றும் ஓடியது. வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே தள்ளி, அதுதான் புகையை உள்ளே இழுத்திருக்கிறது.

ஓடிப்போய் அடுப்புக்குள் ஊதுபத்தி கொளுத்தினேன். ஃபானைப் போட்டால் புகை குசினிப் பக்கம். நிறுத்தினால் நேரே மேலே. பஸ் போய்விட்டது. போகட்டும். குமரனிடம் மூச்சு விடவில்லை.

நவ. 15, சனி

நல்ல வெயில், கடுங்குளிர். "கடைசியா ஒருக்கா" என்று கெஞ்சினேன். தோற்பேன் என்ற நம்பிக்கையில் ஓம் என்றார். ஃபானை நிறுத்தினேன். சாம்பிராணி இரண்டு மடங்கு. குமரன் போனோடு றோட்டில் நின்று கூரையைப் பார்க்கிறார். ஹோலில் புகையே இல்லை. நான் போனில் கேட்டேன்.

"வருதோ?"

இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போட்டேன்.

"இஞ்சருங்கோ, வருதோ?"

"ஓம். றோட்டெல்லாம் கோயில் மாதிரி மணக்குது. பக்கத்து வீட்டுக்காரரும் வெளியில வந்து பாத்துக்கொண்டு நிக்கிறார்."

உள்ளே வந்ததும் கேட்டார், "விறகு எங்க வாங்கிறது?"