இரண்டு மடங்கு

பிப்ரவரி 3

என் வாயாடிக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? நாள் முழுக்க வார்டில் நிற்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய்!

நிலநடுக்கத்தைக் கணினியில் நடத்திப் பார்ப்பதுதானே என் வேலை? இந்த முறை உன் ஆஸ்பத்திரி நிற்கும் பள்ளத்தாக்கு. பழைய நடுக்கங்களின் பதிவுகளை வைத்துச் செய்த சூத்திரம் ஓர் அளவு சொல்கிறது. என் கணக்கில் ஆட்டம் அதைப்போல இரண்டு மடங்கு. வண்டல் மண்ணுக்குள் புகுந்த அலை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மோதிக்கொண்டிருக்கிறது. உடனே மாற்றல் கேள். காரணத்தை யாரிடமும் சொல்லாதே. அறிக்கை இன்னும் முடியவில்லை.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

கால் பரவாயில்லை. மாற்றல் கேட்கவில்லை. மூச்சுக் கருவியோடு கிடப்பவர்களை யாரிடம் விட்டுவிட்டு வர?

மனசு கேட்காமல் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன், திட்டாதே. "அக்கா சொன்னாங்கன்னு வார்டைக் காலி பண்ண முடியுமாம்மா? அறிக்கையில வரட்டும். மறுநாளே எல்லாரையும் பாறைமேல இருக்கிற பழைய கட்டடத்துக்கு மாத்திடறேன்" என்றார். நல்ல மனிதர். சீக்கிரம் எழுதிக் கொடு அக்கா.

உன் தங்கை

மார்ச் 27

கண்ணம்மா,

எழுதக் கை வரவில்லை. "பழைய பதிவோட ஒத்துப்போகலன்னா தப்பு உங்க கணக்குலதான்" என்றார் எங்கள் நிறுவன இயக்குநர். அந்தப் பதிவுகளில் ஒன்றுகூட உன் பள்ளத்தாக்கில் எடுத்ததில்லை என்றேன். "அப்போ உங்க பேச்சுக்கும் அங்க ஆதாரம் இல்லையே?" என்று மடக்கிவிட்டார். என் கணக்கு சரியென்று காட்ட அங்கே நிலம் ஒருமுறை ஆட வேண்டும். அதை வேண்டிக்கொள்ளவா முடியும்? கணக்கில் உங்கள் மண்ணை அளவுக்கு மீறி இளக்கமாக வைத்துக்கொண்டேனோ என்று எனக்கே சந்தேகம்.

அறிக்கையில் சூத்திரத்தின் அளவையே போட்டுக் கையெழுத்திட்டுவிட்டேன். ஆனாலும் நீ வந்துவிடு.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

அறிக்கை வந்தது. "பாரும்மா, உங்க அக்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. இனிமே பயப்படாம வேலையப் பாரு" என்று பெரிய டாக்டர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பாறைமேல் இருந்த கட்டடத்தை ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பயமில்லை என்று ஊருக்குச் சொல்கிறாய். ஓடி வா என்று எனக்கு மட்டும் சொல்கிறாய். தங்கைக்கு ஒரு கணக்கு, கட்டிலில் கிடப்பவர்களுக்கு ஒரு கணக்கா? நீயும் அங்கே மாட்டிக்கொண்டுதான் இருக்கிறாய், புரிகிறது. அதனால் கோபப்படவும் முடியவில்லை.

எனக்கு இனி எழுதாதே. உன் கணக்கு சரிதானா என்று சந்தேகம் என்றாயே, இரண்டு மடங்கு ஆடவும் கூடும் என்று அதைச் சந்தேகமாகவாவது பெரிய டாக்டருக்கு எழுது. அது அவர் மேசைக்கு வரும்வரை நான் இவர்களோடுதான் இருப்பேன்.

தங்கை