சாவு பேண்டுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது?

ஜூன் 3, செவ்வாய்

பெங்களூரின் அந்தக் கோடி பீன்யாவிலிருந்து இந்தக் கோடி மர்பி டவுனில் வீடு வந்து சேர இன்றும் இரண்டு பஸ். பனியன் கம்பெனியில் பேக்கிங் செய்து செய்து விரலெல்லாம் டேப் பசை. சோறு பிசைந்தால் அதுவும் ஒட்டுகிறது.

காக்ஸ் டவுனில் ஒரு மியூசிக் ஸ்கூலில் ரிசப்ஷனுக்கு ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்! இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும், இசையில் ஆர்வம் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஆர்வம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. இங்கிலீஷில் எஸ், நோ, ஓகே, ஸாரி நான்கும் சரளமாக வரும். இந்த வேலை கிடைக்காவிட்டால் நான் பஸ்ஸிலேயே கிழவியாகிவிடுவேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஜீவனஹள்ளியில் கேரல் மிஸ்ஸின் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்துவிட்டேன். இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்களாம், உனக்குப் பிடித்த மியூசிக் எது என்று. மிஸ் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"சாவு பேண்ட், மிஸ்."

கிளாஸே விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

என்ன தப்பு? எங்கள் ஏரியாவில் யார் போனாலும் கில்பர்ட் அண்ணன் பேண்ட்தான். அவர் டிரம்பெட்டைத் தூக்கினாலே எனக்குப் புல்லரிக்கும். செத்தது யார் என்றே தெரியாமல்கூடப் பின்னால் போயிருக்கிறேன். "எழவு வீட்டுக்கு என்னாத்துக்குடி இப்படி சீவி சிங்காரிச்சுக்கினு போறே?" என்று அம்மா கத்துவாள். கச்சேரிக்குப் போகிறவர்கள் சீவிக்கொள்வதில்லையா?

ஜூன் 14, சனி

மிஸ் ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். 'ஐ லவ் சாஃப்ட் மெலடீஸ். மியூசிக் இஸ் சூதிங் டு மை சோல்.' சூதிங் என்றால் என்ன என்று கேட்டேன். மனசுக்கு இதமாக இருப்பதாம்.

இதமா? பெரிய டிரம் அடிக்கும்போது என் குடலே கலங்குகிறதே!

"அதெல்லாம் அங்க போய் உளறாதே ரூபினி. வேல வேணுமா வேணாமா?"

வேணும் மிஸ். வேணும்.

ஜூன் 18, புதன்

சூதிங். சூதிங். சூதிங். டப்பா ஒட்டிக்கொண்டே முணுமுணுத்ததில் சூப்பர்வைசர் மஞ்சுநாத் வந்து, "ஏனம்மா, ஹுச்சு ஹிடீதா?" என்று கேட்டார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

நாசமாப் போச்சு.

இன்டர்வியூவுக்கு ஆறு பேர். அதில் என்னையும் சேர்த்து நாலு பேர் கேரல் மிஸ்ஸிடம் வேறு வேறு நேரத்தில் படித்தவர்கள்! கதவு திறந்தே இருந்தது. முதல் பெண் சொன்னாள், சாஃப்ட் மெலடீஸ், சூதிங் டு மை சோல். இரண்டாவது பெண்ணும் அதே. மூன்றாவது வந்தவன் பையன், அவனுக்கும் அதே சோல். அடிப்பாவி மிஸ்ஸே, ஆளுக்கு ஒரு வார்த்தையாவது மாற்றிக் கொடுத்திருக்கக் கூடாதா?

ஸ்கூலின் ஓனர் டிரேவர் சார். ஐம்பது வயசிருக்கும், பியானோ வாத்தியார், வாயில் இங்கிலீஷ் மட்டும்தான். நான் உட்காருவதற்குள் அவரே, "சூதிங்?" என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். "நோ சார். டெட் பாடி மியூசிக்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அத்தோடு விட்டேனா? "டிரம்பெட் கிரையிங் சார், பட் மை லெக் டான்சிங். ஐ டோன்ட் நோ வொய்." அதற்கு மேல் சரக்கு இல்லை.

வீ வில் லெட் யூ நோ என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த கிளாஸுக்கும் போகாமலே எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகையாக வந்தது.

ஜூன் 27, வெள்ளி

போன் வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. டிரேவர் சார்! வேலைதான் என்று இளித்துக்கொண்டே எடுத்தேன். தமிழில் பேசினார்.

"ரூபினியாம்மா? எங்கப்பா காலைல போயிட்டாரும்மா. நீ சொன்னியே அந்த பேண்ட், அவங்கள எப்படிப் புடிக்கிறது? அப்பா மர்பி டவுன்ல பொறந்தவரு. பேண்ட் இல்லாம என்னை எடுக்காதேன்னு சொல்லிவெச்சிருந்தாரு. எனக்கு யாரையும் தெரியலம்மா."

என் இளிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? சீ என்றாகிவிட்டது. கில்பர்ட் அண்ணனைக் கூட்டி வருகிறேன் என்று சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன்.

தெரு முனை வந்தால் கில்பர்ட் அண்ணன் பேண்டை நிறுத்துவார். எல்லோரும் பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்று, போகிறவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றை வாசித்துவிட்டுத்தான் நகர்வார்கள். என்ன பாட்டு என்று வீட்டில் கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். டிரேவர் சாருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பியானோ வாசித்த மனுஷன், ஒருநாளும் அப்பாவிடம் கேட்டதில்லையாம். அவருடைய அத்தை கேத்தரின்தான், தன் அண்ணன், அதாவது சாரின் அப்பா, வாலிபத்தில் ஆடிய டான்ஸ் மெட்டு என்று முனகிக் காட்டினார். கில்பர்ட் அண்ணன் அதை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

அடடா, என்ன வாசிப்பு! டிரேவர் சார் பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி தலை நிமிராமல் நடந்தார். வேலையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

நேற்று மாலை போன் செய்து, காலையில் ஸ்கூலுக்கு வரச் சொல்லியிருந்தார். ரிசப்ஷன் மேசையில் இன்னும் யாரும் இல்லை. டிரேவர் சார் பியானோவை மூடி வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பழையபடி இங்கிலீஷில் கேட்டார். அன்று அவர் காதில் எதுவுமே விழவில்லையாம். பேண்ட் என்ன வாசித்தது என்று நான் சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். "ஃபர்ஸ்ட் ஒன்லி டிரம், சார். ஸ்லோ. லைக் சம்படி நாக்கிங் தி டோர். தென் கார்னர் கேம். டிரம்பெட் ப்ளேட் யுவர் ஃபாதர்ஸ் டான்ஸ் சாங். வெரி ஃபாஸ்ட். யுவர் ஆன்ட்டி கிரையிங், பட் ஹெர் ஷோல்டர் டான்சிங். ஆல் பீப்பிள் லுக்கிங் அட் யுவர் ஃபாதர், சார். லைக் ஹீ இஸ் தி பிரைட்க்ரூம்."

நான் இங்கிலீஷில்தான் சொன்னேன். அவர் "அப்பா, அப்பா" என்று தமிழில் அழுதார்.

மேசைமேல் இருந்த போன் அடித்தது. விடாமல் அடித்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, எடு என்று எனக்குக் கை காட்டினார். போய் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தேன்.

"குட் மார்னிங், மியூசிக் ஸ்கூல்."