பார்வையாளர் அறையின் பச்சை சோபாவை அகற்றாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி,
மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய அறை,
மாணவியர் விடுதி.

பெறுநர்:
தலைமைக் காப்பாளர் அவர்கள்,
மாணவர் குடியிருப்பு அலுவலகம்.

பொருள்: தரைத்தளப் பார்வையாளர் அறையைப் பார்சல் வைப்பறையாக மாற்றும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல், நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தரைத்தளத்தில் உள்ள பார்வையாளர் அறை "நெடுநாளாகப் பயன்பாட்டில் இல்லை" என்றும், அடுத்த மாதம் முதல் அது பார்சல்கள் வைக்கும் அறையாகும் என்றும், அங்குள்ள சோபா அகற்றப்படும் என்றும் தங்கள் அலுவலகம் இந்தப் புதன்கிழமை சுற்றறிக்கை ஒட்டியுள்ளது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று அதன் கடைசி வரியில் இருந்தது. முதலில் அந்த வரிக்கு நன்றி. அது இல்லாவிட்டால் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மாடிக்குப் போயிருப்பேன்.

2. இது புகார் மனுதான். ஆனால் புகாருக்கு முன் சொல்ல வேண்டியவை சில உள்ளன. இந்த விடுதியில் சேர்ந்த அன்று என் கையில் ஒரு சாவி கொடுத்தார்கள். அதுவரை எனக்கென்று சாவி இருந்ததில்லை. ஒரு கட்டில். ஒரு மேசை. பாதி அலமாரி. சன்னலைத் திறந்தால் சைக்கிள் கொட்டகை. வெந்நீர் வராத நாள்கள் உண்டு. சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிய மனுக்களில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றைத் திரும்பப் பெறவில்லை. ஆயினும் மொத்தத்தில் இங்கே நன்றாக இருக்கிறேன். இப்படி ஒன்றை யாரும் அலுவலகத்துக்கு எழுத்தில் தருவதில்லை என்பதால் தருகிறேன்.

3. என் தாயார் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறார். சமையல், துணி, அந்த வீட்டின் சிறு பிள்ளைகள் எல்லாம் அவர் பொறுப்பு. முன்பு வேலை செய்த வீட்டில் பின்னறை ஒன்றை எங்கள் இருவருக்குமாக விட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போனது. இப்போதைய வீட்டில் அவருக்கு மட்டும்தான் இடம்: பிள்ளைகள் தூங்கும் அறையில் ஒரு மடக்குக் கட்டில். வீட்டார் நல்லவர்கள். வெளியாள் வந்து உட்கார்ந்து பேசுவது மட்டும் கிடையாது. வெளியாள் என்பது நான். அது அவர்கள் வீடு, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆக, எனக்கும் என் தாயாருக்கும் பொதுவாக வீடு என்று ஒன்று இப்போது இல்லை. நிரந்தர முகவரி கேட்கும் இடங்களில் இந்த விடுதியின் முகவரியைத்தான் எழுதிவருகிறேன். அலுவலகம் இதுவரை அதைக் கேள்வி கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

4. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாலை வரை அவருக்கு விடுப்பு. அப்போது இங்கே வருவார். மாணவியர் அறைகளுக்குள் வெளியாட்களை அனுமதிப்பதில்லை என்ற விதி சரியானது. என் அறைத்தோழியும் அங்கே உடை மாற்ற வேண்டும், படிக்க வேண்டும், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். வளாகத்து உணவகம் ஞாயிறன்று திறப்பதில்லை. பூங்காவில் பெஞ்சு இருக்கிறது. அதில் படுத்தால் எழுப்பிவிடுவார்கள். எனவே பார்வையாளர் அறை. மற்ற மாணவியர் தங்கள் பெற்றோர் வந்தால் வெளியே அழைத்துப் போய்விடுவதால் அது எங்களுக்கே கிடைத்துவந்தது. பச்சை சோபா, ஒரு கால் ஆடும் சிறு மேசை, முன்பிருந்த காப்பாளர் ஒருவர் விட்டுச்சென்ற மின்கெண்டி. காவலாளி அண்ணன் அதை "உங்க வீட்டு ஹால்" என்பார். என் அறைத்தோழி "மாளிகை" என்பாள். சுற்றறிக்கையைப் பற்றி எனக்கு முதலில் சொன்னதும் அவள்தான். "என்னடி, உன் மாளிகைய குடோன் ஆக்கப் போறாங்களாமே" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தாள். என் முகத்தைப் பார்த்தபின் அவளே பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

5. அந்த அறையில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று தங்கள் அலுவலகம் கேட்கக்கூடும். பெரிதாக ஒன்றுமில்லை. நான் தேநீர் போடுவேன். அவர் ஊதி ஊதிக் குடிப்பார். வேலை செய்யும் வீட்டில் அவர் கைக்கு வரும்போது தேநீர் ஆறிப்போயிருக்கும் என்பதால் சூடாகக் குடிக்க இன்னும் பழகவில்லை. பிறகு என் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "பரீட்சைக்குப் படிக்கிறியா, இல்ல நகத்தைக் கடிச்சே வயித்த ரொப்பிக்கிறியா" என்பார். என் ஆய்வு எதைப் பற்றி என்று கேட்பார். விளக்குவேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இதுல யாருக்கு என்ன நல்லது" என்பார். அதற்கு என்னிடமும் என் நெறியாளரிடமும் இன்னும் பதில் இல்லை. அதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

6. ஐயா, இதைச் சொல்லத்தான் இந்த மனு. அம்மா அந்த சோபாவில் தூங்குகிறார். முழங்காலை மடக்கி, குஷனில் ஒரு கன்னம் அழுந்த. பகலில். யாரும் அவரைக் கூப்பிட முடியாத ஓர் இடத்தில். பிள்ளை அழுதால் எழ வேண்டியதில்லை. அழைப்புமணி அடித்தால் அது அவருக்கானதல்ல. ஆரம்பத்தில் வெளியே சைக்கிள் மணி கேட்டால்கூட "தோ வந்துட்டேன்" என்று எழுந்து உட்காருவார். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டு மறுபடி படுப்பார். இப்போதெல்லாம் எழுவதில்லை. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பேன். சில சமயம் படிப்பதில்லை.

7. இனி, அறை ஏன் ஆளில்லாததாகத் தோன்றியது என்பது. பயன்பாட்டின் அடையாளம் ஏதுமில்லை என்று, தங்கள் அலுவலகம் அறையைப் பார்க்க அனுப்பிய ஆய்வுக் குழு எடுத்த முடிவு தவறு. குழுவினர் மேல் தவறில்லை. அவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஞாயிறு மாலை கிளம்பும்போது, அங்கே ஒருவர் இருந்தார் என்று காட்டும் எதையும் அம்மா விட்டுவைப்பதில்லை. கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்ப்பார். மேசையில் தேநீர் வட்டம் இருக்காது. திரையின் மடிப்பை நீவிவிடுவார். குஷனை இருபக்கமும் தட்டுவார், தலை அழுந்திய பள்ளம் போகும்வரை. பிறகு மூலை மேலே நிற்கும்படி சாத்துவார். "விடும்மா, இது யார் வீடும் இல்ல" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அடுத்தவங்க இடம்டி. நாம இருந்துட்டுப் போனது தெரியக் கூடாது" என்பார். அவர் பார்க்கும் வேலையில் அது நல்ல பெயர். இங்கே எங்களுக்கு எதிரான சான்றாகிவிட்டது.

8. விடுதியைக் கூட்டித் துடைக்கும் அக்காவையும் குழுவினர் விசாரித்திருக்கிறார்கள். "அந்த ரூமா சார், அது எப்பவும் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கும். திங்கக்கிழமை எனக்கு அங்க லீவுதான்" என்று அவர் உள்ளதைச் சொன்னார். காரணம் தெரிந்தபின் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "யாரோ புண்ணியவதின்னு நெனச்சேன், உங்கம்மாவா அது? என் வாயாலயே கெடுத்துட்டேனே பாப்பா" என்றார். அவர் கெடுக்கவில்லை. அந்த வாக்குமூலம் மாற்றப்பட வேண்டும் என்று நான் கோரவும் இல்லை. அதைச் சரியாகப் படிக்க வேண்டும் என்றே கோருகிறேன்.

9. முன்வாசலில் உள்ள வருகைப் பதிவில் அம்மாவின் கையெழுத்து இல்லாததும் உண்மை. அவர் முன்வாசல் வழியாக வந்ததே இல்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பின்வாசல் எங்கே என்றுதான் பார்ப்பார். இங்கேயும் சமையற்கூடத்துப் பக்கக் கதவைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார். முதல் நாள் காவலாளி அண்ணன் அவரை வேலைக்கு வந்தவர் என்று எண்ணி உள்ளே விட்டார். விஷயம் தெரிந்தபின், "அம்மா, நீங்க முன்பக்கமா வரலாம், ராஜ மரியாதையா வாங்க" என்று அவர் சொல்லத்தான் செய்தார். "பரவால்ல தம்பி, இதுவே பழகிடுச்சு" என்று அம்மா நழுவிவிட்டார். தயவுசெய்து இதில் காவலாளியின் குறையாக எதையும் கொள்ள வேண்டாம். அந்த முதல் நாளுக்குப் பிறகு யார் என்று தெரிந்துதான் விட்டார். வெயில் கடுமையான நாள்களில் மின்விசிறியை முன்கூட்டியே போட்டும் வைத்திருக்கிறார்.

10. பார்சல்கள் வாசலில் குவிந்து கிடப்பது உண்மையான சிக்கல்தான். நேற்று நானே ஒன்றில் இடறினேன். மாடிப்படிக்குக் கீழே உடைந்த கட்டில் சட்டங்கள் கிடக்கும் இடத்தைக் காலி செய்து கம்பிக்கதவு போட்டால் போதும் என்று தோன்றுகிறது. காலி செய்ய எங்கள் மாடி மாணவியர் தயார். என் அறைத்தோழி மற்றவர்களைக் கேட்காமலே அவர்கள் சார்பில் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அப்படியும் இடம் போதாவிட்டால், பார்சல்கள் அந்த அறையிலேயே இருக்கட்டும். சோபாவையும் ஞாயிறு மதியத்தையும் மட்டும் விட்டுவைக்க வேண்டுகிறேன். அட்டைப்பெட்டிகள் அம்மாவுக்குத் தொந்தரவில்லை. அவற்றை அளவு பார்த்து அடுக்க ஆரம்பித்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை.

11. நேற்று தொலைபேசியில் அம்மாவிடம் விவரம் சொன்னேன். "என்னால உனக்கு அங்க ஏதும் பிரச்சனையா? வேணும்னா நான் வரலடி" என்றார். இல்லை என்று சொல்லி நம்பவைக்க நேரமானது. இனி முன்வாசல் வழியாக வந்து பதிவில் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். வேலை இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை. "சும்மான்னு எழுதும்மா" என்றேன். "அப்படியெல்லாம் எழுதலாமா? ஆபீசுல ஒத்துக்குவாங்களா?" என்றார். ஒத்துக்கொள்வார்கள் என்று தங்கள் சார்பில் சொல்லிவிட்டேன். பொறுத்தருள வேண்டும். அந்தச் சொல்லை அலுவலகம் அப்படியே ஏற்கவும் வேண்டும்.

குஷனை மட்டும் ஒருமுறை தட்டாமல் விட்டுப் போகும்படி கேட்டேன், சாட்சிக்காக. "பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க" என்றார். அதற்கு மட்டும் ஒப்பவே இல்லை. ஆகவே வரும் திங்கட்கிழமையும் அந்த அறை யாருமே வராதது போலத்தான் இருக்கும். அதையே அவர் வந்துபோனதன் அடையாளமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

12. மறு ஆய்வுக்குத் தாங்களே நேரில் வந்தால் மிகவும் நன்றியுடையவளாவேன். எந்த நாளும் வரலாம். காவலாளி அண்ணன் கதவைத் திறந்துவிடுவார். கெண்டி வேலை செய்கிறது. சோபாவில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்; சன்னல் பக்கம் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

ஞாயிறு மதியம் மட்டும் வர வேண்டாம். தங்களைக் கண்டால் அம்மா எழுந்து நின்றுவிடுவார்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மாணவியர் விடுதி

தங்கள் விடுதியில் நலமாகக் குடியிருக்கும்,
(கையொப்பம்)
மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய அறை