தையல்காரரின் குரல்

அன்பானவளே,

நான் சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

எங்கள் ரிப்பேர் பட்டறைக்கு ஒரு தையல்காரர் வந்தார். தொண்டை ஆபரேஷனில் குரல் போனவர். எழுத்தைத் தட்டினால் பேசும் பழைய பெட்டிதான் அவருக்கு வாய். அதன் பேச்சு சிப் கருகிவிட்டது. இப்போது அதை யாரும் தயாரிப்பதில்லை. புதுக் கருவி வாங்கிப் பேசினாராம். கண் தெரியாத அவர் மனைவி, "யாரோ மூணாம் மனுஷன் வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றாராம்.

பெட்டிக்கு ஒத்துப்போகும் அந்தக் காலத்து மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஒன்றைத் தேடிப்பிடித்து, பழைய சிப்பைப் போலவே ஒலிகளைக் கோக்கும்படி புரோகிராம் எழுதினேன். அதே மூக்கடைத்த குரல் வந்தது. நேற்று அவர் வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தினேன். மனைவியைப் பார்த்து அவர் முதலில் தட்டியது இதுதான்: "ஸ்வெட்டரத் திருப்பிப் போட்டிருக்க."

அந்த அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "வந்துட்டீங்களா?" என்றார். நான் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஊரிலிருந்து இங்கே வருகிற ஆளிடம் என் பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. போனில் நீ நல்லதை மட்டுமே சொல்கிறாய். ஒரு தடவையாவது என்னைத் திட்டேன்.

பட்டறை திறக்க நேரமாகிவிட்டது.

உன்னவன்